பிழைக்கு உரியவர்

குரலில் நேரும் பிழை யாருடையது என்பது சங்கீதப் பிரச்னை மட்டும் அல்ல. டானா ஜீன் காட்ஷாவின் பாட்டை வெகுகாலம் கேலி செய்துவந்த எனக்கு, இன்று அது ஒரு தார்மிகப் பிரச்னையாகவே படுகிறது.

அமெரிக்காவில் அலபாமாவைச் சேர்ந்தவர் டானா. இருபது வயது நிரம்புமுன்பே மஸில் ஷோல்ஸ் வட்டாரத்து ஒலிப்பதிவுக் கூடங்களில் கூலிக்குப் பின்குரல் பாடியவர். பெர்ஸி ஸ்லெட்ஜின் 'வென் எ மேன் லவ்ஸ் எ வுமன்' (1966), எல்விஸ் பிரெஸ்லியின் 'ஸஸ்பிஷியஸ் மைன்ட்ஸ்' (1969) இரண்டிலும் அவர் குரல் உண்டு. இரண்டும் அமெரிக்க விற்பனைப் பட்டியலில் முதலிடம் பெற்றவை. அவற்றில் அவரிடம் பிழை காண முடியாது. பிழை நேர்ந்தால் நாடாவைத் திருப்பி மறுபடி பாடச் சொல்வார்கள். அப்படியும் சரிவராதவரை அடுத்த முறை கூப்பிட மாட்டார்கள்.

பிறகு அவர் கலிபோர்னியா போனார். கணவர் கீத் 'கிரேட்ஃபுல் டெட்' என்ற ராக் குழுவில் பியானோ வாசிக்கச் சேர, 1972ல் டானாவும் அதில் பாடகியானார். 1979 வரை இருந்தார். கூடத்தில் தன் குரலைத் தன் காதுக்கே கொண்டுவந்த ஹெட்போன் மேடையில் இல்லை. மின்கிதார்களின் முழக்கத்தில் தான் பாடுவது தனக்கே கேட்கவில்லை என்று பின்னாளில் அவரே சொல்லியிருக்கிறார். சுருதி விலகியது. ரசிகர்கள் கச்சேரிகளை நாடாவில் பதிந்துகொள்வதைக் குழு பெரும்பாலும் தடுக்கவில்லை. ஆகவே விலகல்களும் அழியாமல் தங்கிவிட்டன. 'பிளேயிங் இன் த பாண்ட்' பாட்டில் அவர் எழுப்பும் ஓலத்தை நண்பர்களுக்கு நடித்துக் காட்டி நான் சிரிக்கவைத்திருக்கிறேன்.

பிரெஸ்லியின் பாட்டில் நான் லயித்த பின்குரல்களில் ஒன்று அவருடையது என்று பின்னர்தான் தெரிந்தது. வெட்கமாக இருந்தது. அந்தக் குரல் சுத்தமாக ஒலித்தபோது அதைப் பிரெஸ்லியின் கணக்கில் எழுதினேன். பிசகியபோது மட்டும் யார் என்று பெயர் கேட்டேன். நிறைவு முதலாளிக்கு, பிழை தொழிலாளிக்கு. இந்தக் கணக்கு சங்கீதத்தில் மட்டும் நடப்பதல்ல.

பிழையே கலை என்று நான் வாதாடவில்லை. சுருதி விலகல் விலகல்தான்; டானாவுக்கு அதில் சலுகை தேவையில்லை. ஆனால் பிழை செய்ய இடமில்லாத இடத்தில் மனிதர் கருவியாகத்தான் இருக்க முடியும். கருவி பழுதானால் மாற்றுவோம். அதைக் குற்றம் சொல்வதில்லை. குற்றம் சொல்ல ஒரு ஆள் வேண்டும். டானா மேடையேறியபோது கருவி நிலையிலிருந்து ஆள் நிலைக்கு வந்தார். அதற்கான விலையையும் கொடுத்தார். அந்த விலையை வசூலித்தவர்களில் நானும் ஒருவன்.

1994ல் ராக் அண்ட் ரோல் கௌரவ மண்டபத்தில் குழுவினரோடு அவர் பெயரும் சேர்ந்தது. 2025ல் அவர் இறந்தார். இப்போது அந்த ஓலத்தைக் கேட்டால் எனக்குச் சிரிப்பு வருவதில்லை. நன்றாக இருக்கிறது என்றும் தோன்றவில்லை. அவருடையது என்று தோன்றுகிறது. அந்த நியாயத்தைப் பிரெஸ்லியின் பாட்டிலும் அவருக்குச் செய்ய என் காது இன்னும் பழகவில்லை.