தன்வேதனைக்கு எண் உண்டா?

இன்பமும் துன்பமும் அனுபவிக்கிறவருக்குத்தான் நேராகத் தெரியும். மெய்கண்டாரின் மாணாக்கர் அருணந்தி சிவாசாரியார், சிவஞான சித்தியாரின் அளவைப் பகுதியில், இந்த அறிவைத் தன்வேதனைக் காட்சி என்று தனியே வைக்கிறார். காட்சியின் நான்கு வகைகளில் அது ஒன்று. அடுத்தவரின் துன்பம் அப்படிக் காட்சியாக வராது. அவர் சொல்லும் உரையைக் கொண்டு கருதி அறிவதுதான் வழி. அந்தக் கருதல் எண்ணாகவும் முடியலாமா?

மதுரையில் இந்தக் கேள்வி கண் மருத்துவத்தின் வழியாக எழுந்தது. டாக்டர் ஜி. வெங்கடசாமி 1976இல் 11 படுக்கைகளுடன் தொடங்கியது அரவிந்த் கண் மருத்துவமனை. கண்புரை அறுவைக்குப் பின் எத்தனை வரி படிக்க முடிகிறது என்பதைச் சுவரில் மாட்டிய எழுத்துப் பலகை சொல்லிவிடும். பஸ் படி தெரிகிறதா, சோற்றில் விழுந்தது கண்ணில் படுகிறதா, நோட்டையும் சில்லறையையும் பிரித்தறிய முடிகிறதா என்பதை அது சொல்லாது. அதற்காக அங்குள்ளோர் வெளிநாட்டு ஆய்வாளர்களுடன் உருவாக்கிய வினாத்தாள் 1997இல் வெளியானது. 2005இல் வந்த இந்தியப் பார்வைச் செயல்பாட்டு வினாத்தாளிலும் மதுரையின் பங்கு உண்டு. அதில் 33 கேள்விகள்: அன்றாடச் செயல் 21, மனமும் சமூகமும் 5, பார்வைத் தொந்தரவு 7. ‘சிரமமே இல்லை’, ‘கொஞ்சம்’, ‘ரொம்ப’ என்று படிப்படியாக விடைகள்.

இந்த விடைகளுக்கு 1, 2, 3 என்று எண் கொடுத்துக் கூட்டுவது 1932இல் உளவியலாளர் லிக்கர்ட் காட்டிய வழி. ‘இல்லை’யிலிருந்து ‘கொஞ்சம்’ வரை உள்ள தூரமும் ‘கொஞ்ச’த்திலிருந்து ‘ரொம்ப’ வரை உள்ள தூரமும் ஒன்றே என்று கூட்டல் தானாகவே எடுத்துக்கொள்கிறது. அதற்கு ஆதாரம் இல்லை. டென்மார்க் கணிதவியலாளர் கியோர்க் ராஷ் 1960இல் வெளியிட்ட மாதிரி வேறு இடத்தில் தொடங்குகிறது: ஒரு விடை வரும் வாய்ப்பு, ஆளின் நிலைக்கும் கேள்வியின் கடினத்துக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டுமே பொறுத்தது. ஆய்வாளர் ஆண்ட்ரிச் 1978இல் இதைப் படிநிலை விடைகளுக்கு விரித்தார். ஒரு படியிலிருந்து அடுத்ததற்குத் தாண்டும் எல்லை எங்கே இருக்கிறது என்பதும் அதில் கணக்கிடப்படும்.

இதன் உண்மையான மதிப்பு, தான் தவறக்கூடிய இடத்தைத் தானே காட்டுவதில் இருக்கிறது. எல்லைகள் வரிசை மாறி வந்தால், அடுத்தடுத்த இரண்டு படிகளுக்கு இடையே மக்கள் வேறுபாடு பார்ப்பதில்லை என்று பொருள், அவற்றைச் சேர்த்துவிடலாம். இருட்டில் நடப்பது சுலபம், பக்கத்தில் நிற்பவர் முகம் தெரிவது கடினம் என்று ஒருவர் சொன்னால் அந்த விடைவரிசை மாதிரிக்குப் பொருந்தாது. அதைப் பிழை என்று ஒதுக்குவது பெரிய தவறு. இருட்டியபின் வெளியே போவதையே விட்டுவிட்ட ஒரு பாட்டி, அதில் சிரமமில்லை என்றுதான் சொல்வார். அங்கே போய் மறுபடி கேட்க வேண்டும். புகை கண்டு தீ உண்டு எனக் கருதுபவரும், தான் கண்டது பனியா புகையா என்று முதலில் பார்க்கத்தான் வேண்டும்.

மாதிரிக்கும் எட்டாத ஒன்று உண்டு. ‘வயசானா இப்படித்தான்’ என்று மங்கலை ஏற்றுக்கொண்டவர், எல்லாக் கேள்விக்கும் ஒரே சீராகக் குறைத்தே சொல்வார். அந்த வரிசை மாதிரிக்கு அழகாகப் பொருந்திவிடும். அறுவைக்குப் பின்பே முன்பு எவ்வளவு இழந்திருந்தோம் என்று அவருக்குத் தெரிகிறது. அளவுகோலே அவருக்குள் நகர்ந்துவிட்டதால், முன்பின் மதிப்பெண்களைக் கழித்துப் பார்த்தால் பலன் குறைவாகவே தெரியும். இதற்காகச் சில ஆய்வுகளில், சிகிச்சை முடிந்தபின், முன்பிருந்த நிலையை இன்றைய கண்ணால் திரும்ப மதிப்பிடச் சொல்கிறார்கள். அந்த விடையில் நினைவின் பிசகும் கலந்திருக்கும் என்பதால், இரண்டு மதிப்பீடுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தே படிக்க வேண்டியிருக்கிறது.