செஞ்சோற்றுக் கடனும் மக்கட் கடனும்

துரோகி என்ற சொல்லைப் போல எளிதாக வீசப்படும் சொல் பிறிதொன்று இல்லை. வீசுகின்றவன் கையிலே அதிகாரம் இருக்குமாயின் அச்சொல் சட்டமாகின்றது. வீசப்பட்டவன் கழுத்திலே கோடரியாக இறங்குகின்றது. 1818ஆம் ஆண்டிலே பிரித்தானியத் தேசாதிபதி ரொபேட் பிரவுண்றிக், ஊவா-வெல்லஸ்ஸக் கிளர்ச்சியின் தலைவர்களை இராசத் துரோகிகளென வர்த்தமானியில் அறிவித்தார். 2016ஆம் ஆண்டு டிசம்பரிலே இலங்கையின் சனாதிபதி அவ்வறிவித்தலை நீக்கி, அவர்களுள் 19 பேரைத் தேசிய வீரர்களெனப் பிரகடனஞ் செய்தார். இரண்டிற்கும் இடையே ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள். அவர்கள் செய்த செயல் மாறவில்லை, தாள் மாறிற்று.

தாளை நம்பி அறம் பேசுதல் இயலாது என்பது இதனாற் பெறப்படும். அரசு ஒருவனைத் துரோகி என்றதனால் அவன் துரோகி ஆகான்; வீரன் என்றதனால் வீரனும் ஆகான். அவ்வாறாயின் எதனைக் கொண்டு அவனை அளப்பது? இவ்வினாவை ஆராய்தற்குக் கண்டியிலே வாழும் நமக்குக் கெப்பட்டிபொலத் திசாவையின் வரலாற்றைவிடச் சிறந்த உரைகல் இல்லை. தலதா மாளிகைக்கு முன்னே நிற்கும் அவரது நினைவுத்தூணை நாள்தோறும் ஆயிரக்கணக்கானோர் கடந்து செல்கின்றனர். அதனுள்ளே இருப்பது அவரது மண்டையோடு. கழுத்து வெட்டப்பட்டபின் அதனை ஆங்கில இராணுவ மருத்துவர் ஹென்றி மார்ஷல் எடுத்துச் சென்றார்; எடின்பரோ நகரிலே மண்டையோட்டு ஆராய்ச்சியாளர் சங்கமொன்றிற் கிடந்த அது 1954இலேதான் கண்டிக்கு மீண்டது.

அவர் வாழ்க்கையின் முடிச்சுகளை முதலில் நோக்குவோம். கண்டியின் இறுதி மன்னன் ஸ்ரீ விக்கிரம இராசசிங்கன், தன்னை எதிர்த்து ஆங்கிலேயரிடம் ஓடிய எகலப்பொலை அதிகாரத்தின் மனைவியையும் மக்களையும் 1814இலே கொல்வித்தான். அந்த மனைவி கெப்பட்டிபொலவின் உடன்பிறந்தாள். அடுத்த ஆண்டு, 1815 மார்ச்சு 2ஆம் நாள், மகுல் மடுவத்திலே கண்டி உடன்படிக்கை ஒப்பமிடப்பட்டபொழுது, ஊவாவின் திசாவையாகிய அவரும் ஒப்பமிட்டார். உடன்பிறந்தாளைக் கொன்றவனது ஆட்சி ஒழியட்டும் என்று ஓர் அண்ணனோ தம்பியோ கருதுதல் இயல்பேயாம். ஆனால் அந்தக் கையொப்பத்தினாலே அவர் ஒரு புதிய எசமானின் அலுவலர் ஆனார்.

இரண்டரை ஆண்டுகள் கழிந்தன. வெல்லஸ்ஸவிலே ஹாஜி மரிக்கார் என்ற முஸ்லிம் ஒருவரை அரசு முகாந்திரமாக நியமித்ததைப் பழைய தலைவர்கள் தம் அதிகாரத்துக்கு நேர்ந்த இழுக்காகக் கொண்டனர். காட்டிலே ஒருவன் தோன்றித் தானே நாயக்கர் வழிவந்த துரைசாமி, நாட்டுக்குரிய அரசன் என்றான். 1817 செப்டெம்பரிலே பதுளையின் துணை வதிவிடப் பிரதிநிதி வில்சன் அம்பெய்து கொல்லப்பட்டான். கிளர்ச்சியை அடக்குமாறு அரசு கெப்பட்டிபொலவை ஐந்நூறு பேருடன் அனுப்பிற்று. சென்றவர் கிளர்ச்சிக்காரருடன் சேர்ந்தார். சேருமுன் ஒரு காரியஞ் செய்தார்: அரசு கொடுத்த துவக்குகளையும் வெடிமருந்தையும் அரசுக்கே திருப்பி அனுப்பினார்.

இந்தச் செயலின்மீதுதான் நம் வினா நிற்கின்றது.

நமது இலக்கிய மரபு இதனை எவ்வாறு நோக்கும்? தமிழன் உள்ளத்தை நெடுங்காலம் ஆண்ட ஓர் அறம் செஞ்சோற்றுக் கடன். கம்பனது கும்பகருணன், தமையன் செய்தது தீது என்று அறிந்தும், அவன் சோற்றை உண்ட கடனுக்காகப் போர்க்களம் புகுகின்றான். கன்னனும் அவ்வாறே. நாம் இவர்களுக்காகக் கண்ணீர் விடுகின்றோம். வீடணனோ அறத்தின் பக்கம் சேர்ந்தான்; இறுதியில் முடியும் பெற்றான்; ஆயினும் அவன் பெயர் ஊர்வழக்கிலே வசைச் சொல்லாகவே நிலைத்துவிட்டது. அறத்தைச் சார்ந்தவனை ஐயத்துடனும், அறமல்லாததைச் சார்ந்து மாண்டவனைப் பரிவுடனும் நோக்கும் இந்த முரண்பாடு நம் உள்ளத்தில் ஏன் நிலைத்தது? பக்கம் மாறியவன் ஆதாயத்துக்காக மாறினான் என்னும் ஐயமே காரணம். கெப்பட்டிபொல பக்கம் மாறினார். ஆனால் அம்மாற்றத்தினாலே அவருக்கு வந்த ஆதாயம் போகம்பறைக் கொலைக்களமேயாம். அன்றியும், எந்த மன்னன் தம் உடன்பிறந்தாளைக் கொன்றானோ, அம்மன்னனின் குலத்தவன் என்று சொல்லிக்கொண்ட ஒருவன்கீழ் அவர் போர் செய்தார். சொந்தப் பகையை விழுங்கியவனுக்கே இது கைகூடும்.

இனிச் செஞ்சோறு என்பதையே சற்று அலசுவோம். சோறு யாருடையது? திசாவைக்கு அரசு ஊதியம் கொடுத்தது மெய். அரசுக்கு அது எங்கிருந்து வந்தது? ஊவாவின் வயலிலே சேற்றை மிதித்தவன் வரியாகக் கொடுத்த நெல்லிலிருந்து வந்தது. உண்டவன் கடன்பட்டது பரிமாறியவனுக்கா, விளைவித்தவனுக்கா? பரிமாறியவன் கையைக் கண்டு, விளைவித்தவன் கையை மறந்த அறமே செஞ்சோற்று அறம். கெப்பட்டிபொல, அறிந்தோ அறியாமலோ, இந்தக் கடனை இரண்டாகப் பிரித்தார். பொருட்கடன் ஒன்று, அதனைத் துவக்குகளாகவே திருப்பிச் செலுத்தினார். கீழ்ப்படிதற் கடன் மற்றொன்று. அது அரசுக்கு உரியதன்று என்று கண்டு அதனை மக்களிடம் கொண்டு சென்றார்.

இதனை வகுப்பிலே விளக்கிக்கொண்டிருந்தபொழுது, பத்தாம் ஆண்டு மாணவன் ஒருவன் எழுந்து, “சேர், அவர் திருப்பிக் கொடுத்த துவக்காலேயே பிறகு வெல்லஸ்ஸச் சனங்களைச் சுட்டிருப்பாங்கள்தானே?” என்று கேட்டான். அவன் தோட்டத்து லயத்திலிருந்து நடந்து வரும் பிள்ளை. பாடநூல் கேளாத கேள்வியை அவன் கேட்டுவிட்டான்.

அவன் கேள்வியைத் தட்டிக்கழித்தல் நேர்மையாகாது. அடுத்த ஆண்டு முழுவதும் நடந்தது என்ன? பிரவுண்றிக் இராணுவச் சட்டத்தைப் பிறப்பித்தார். படைகள் வீடுகளை எரித்தன; நெற்களஞ்சியங்களை அழித்தன; கால்நடைகளைப் பறித்தன; கனிதரு மரங்களை வெட்டி வீழ்த்தின. அக்காலத்தே இலங்கையிற் பணியாற்றிய ஆங்கில மருத்துவர் ஜோன் டேவி, போராலும் தண்டனையாலும் நோயாலும் பஞ்சத்தாலும் மாண்ட கண்டி மக்கள் பதினாயிரம் பேர்வரை இருக்கலாமென மதிப்பிட்டார். அவர்களில் எவரும் துவக்கைத் திருப்பிக் கொடுக்கலாமா என்று கேட்கப்படவில்லை. மானம் தலைவனுடையது, அதன் விலையைக் கொடுத்தவர் பெயரில்லாதவர். பிரபுவின் அறத்திற்கு உழவன் வரி கட்டுதல் எவ்வகையில் நீதியாகும்?

இதற்கு ஒரு மறுமொழி உண்டு. 1803ஆம் ஆண்டு யூன் மாதத்திலே, கண்டியைப் பிடித்திருந்த மேஜர் டேவியின் படை சரணடைந்து, ஆயுதங்களை ஒப்படைத்து வெளியேறிற்று. வட்டாபுளுவையிலே மகாவலி கங்கை பெருக்கெடுத்தோடியமையால் அப்படை அக்கரை சேர இயலவில்லை. தம்மால் அரசனாக்கப்பட்டுத் தம்மை நம்பி உடன்வந்த முத்துசாமியை டேவி கண்டியரிடம் ஒப்படைத்தார், அவன் கொல்லப்பட்டான். பின்னர் ஆயுதம் இழந்து நின்ற வீரர்களும் கொல்லப்பட்டனர். அந்த ஆற்றங்கரையிலே இரு தரப்பும் சொல்லைக் கொன்றன. கண்டியரின் கொடுமைக்குச் சான்றாக ஆங்கிலேயர் அந்நிகழ்ச்சியையே பல்லாண்டு எடுத்துக்காட்டித் தம் படையெடுப்பை நியாயப்படுத்தினர். பதினான்கு ஆண்டுகளின் பின் கெப்பட்டிபொல செய்தது, எம் போர் வஞ்சனையால் நடப்பதன்று என்ற அறிவிப்பாகும். விடுதலைப் போராட்டம் தன் வழியினாலேயே தன் குறிக்கோளைக் காட்டவேண்டும் என்ற பேருண்மை அதிலே இருக்கின்றது.

இம்மறுமொழி வலிதே, ஆயினும் அம்மாணவனின் கேள்வியை அது அழித்துவிடவில்லை. பகைவனிடம் நேர்மை காட்டிய தலைவன், தன்னை நம்பி வந்த மக்களுக்கும் கணக்குக் காட்டக் கடமைப்பட்டவன். அவரது கணக்கு அவர் இறுதிவரை நின்ற நிலையிலே இருக்கின்றது. அரசன் என்று வந்தவன் போலி என்பது 1818இலே வெளிப்பட்டது. அதன்பின்னும் அவர் பேரம் பேசித் தம்மைக் காத்துக்கொள்ளவில்லை. 1818 ஒக்டோபர் இறுதியிலே அநுராதபுரத்துக்கு அண்மையிற் பிடிபட்டார். நவம்பர் 26ஆம் நாள் மடுகல்லையுடன் போகம்பறையிற் கொல்லப்பட்டார். மானத்தின் விலையைப் பிறரிடம் மட்டும் வாங்காமல் தாமும் கொடுத்தார். ஆகையால் அவரை வணங்கலாம். ஆனால் அவரை மட்டும் வணங்கி, அந்தப் பதினாயிரவரை மறப்போமாயின், வர்த்தமானி செய்த பிழையையே நாமும் செய்தவராவோம்: தலைவர் பெயரை மட்டும் எழுதுதல் இரு தாள்களுக்கும் பொதுவான குணம்.

முப்பது ஆண்டுகளின் பின், 1848இலே, இக்கேள்வி வேறொரு வடிவிலே வந்தது. தேசாதிபதி டொறிங்டன் துவக்குக்கும் நாய்க்கும் கடைக்கும் வரி விதித்தார். வீதி வேலைக்கு ஆளையோ பணத்தையோ கேட்டார். யூலை 26ஆம் நாள் தம்புள்ளையிலே கொங்காலேகொட பண்டா முடி சூடினான். அவனுடன் நின்ற புரன் அப்பு மொறட்டுவைக் கடற்கரையிலிருந்து வந்தவன். மலைநாட்டுப் பெருங்குடியினருள் மிகப் பெரும்பாலோர் ஒதுங்கி நின்றனர். மாத்தளை தாக்கப்பட்டது, ஓகஸ்டு 8ஆம் நாள் புரன் அப்பு கண்டியிலே சுட்டுக் கொல்லப்பட்டான். அவனிடம் திருப்பிக் கொடுக்க அரசாங்கத்துத் துவக்கு இருக்கவில்லை. முறிக்கப் பதவிப் பிரமாணமும் இருக்கவில்லை. உயிர் ஒன்றே இருந்தது. பிரபுக்கள் பேணிய மானத்திலிருந்து, வரி கொடுப்பவனின் பசிக்கு, விடுதலை உணர்ச்சி இறங்கி வந்த காலம் அது.

இவற்றையெல்லாம் தமிழராகிய நாம் வெளியே நின்று பார்க்கும் கதையென எண்ணுதல் கூடாது. 1815 உடன்படிக்கை “மலபார்” குலத்தவரின் ஆட்சியை ஒழிப்பதாகக் கூறி, நம்மை அந்நியராக முதலில் எழுதி வைத்தது. ஈராண்டு கழிந்தவுடனேயே அந்நாட்டு மக்கள் நாயக்கர் பெயர் சொன்ன ஒருவனையே அரசனென ஏற்றனர். அதே கிளர்ச்சியை அடக்கச் சென்னை மாகாணத்திலிருந்து சிப்பாய்கள் வரவழைக்கப்பட்டனர். கும்பினியாரின் சோற்றை உண்டு, தம்மைப்போன்ற உழவனின் வீட்டுக்குத் தீ வைக்க வந்த அந்த ஏழைகளும் செஞ்சோற்றுக் கடன் என்றுதான் எண்ணியிருப்பர். பின்னர் கோப்பிக்காகவும் தேயிலைக்காகவும் மாத்தளைப் பாதையிலே நடந்து வந்து, வழியிலே செத்து, எஞ்சியோர் மலையைத் தோட்டமாக்கினர். அவர்தம் வழித்தோன்றல்களின் பெரும்பகுதியை 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டம் நாடற்றோராக்கிற்று. 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் எஞ்சியோர்க்குக் குடியுரிமை தந்தது. மீண்டும் ஒரு தாள் எடுத்தது. ஒரு தாள் கொடுத்தது.

“தோட்டம் சோறு போட்டது, அதற்கு விசுவாசமாய் இரு” என்று பல தலைமுறைகளுக்குச் சொல்லப்பட்டது. யார் யாருக்குச் சோறு போட்டார்? இந்நாட்டின் தெருவும் புகையிரதமும் பள்ளியும் துறைமுகமும் எவர் கைவிரல் பறித்த கொழுந்தினால் உண்டாயின? கடன்பட்டவன் யார், கடன் கொடுத்தவன் யார் என்று ஏட்டைத் திருப்பிப் பார்ப்போமாயின், இருநூறு ஆண்டுக் கணக்கும் தலைகீழாகும்.

விசுவாசம் ஒழிக என்பது நம் முடிபன்று. விசுவாசமின்றி வாழ்பவன் மனிதனாகான். அதன் திசையை அறிதல் வேண்டும் என்பதே நாம் வற்புறுத்துவது. பரிமாறும் கை மாறிக்கொண்டே இருக்கும்: நேற்று மன்னன், பின்னர் தேசாதிபதி, அதன்பின் துரை, இன்று வேறொருவர். விளைவிக்கும் கை அன்றும் இன்றும் ஒன்றே. அக்கைக்குப் பட்ட கடனை மறந்தவனே துரோகி. அவன் பெயர் எந்த வர்த்தமானியிலும் வருவதில்லை.