லைனில் வாசிக்கிற கண்கள் வீட்டிலும் வாசிக்கட்டும்!

ஒரகடம் கூட்ரோட்டில் கம்பெனி பஸ்ஸை விட்டு இறங்குகிறவரே, உங்களைத்தான்! “நானே பத்தாவதோட நின்னவன், பிள்ளைக்குப் படிச்சுக் காட்ட எனக்கெங்கே தெரியும்?” என்று சொல்லிச் சொல்லியே ஒதுங்கியது போதும்.

1998இல் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து சான்ட்ரோ கார் வெளிவந்தது. நெல் அறுத்த வீட்டுப் பிள்ளைகள் பலர் இங்கே கார் கட்டக் கற்றுக்கொண்டார்கள். கையில் டார்க் ரெஞ்சோடு பிறந்தவர் யார்? லைனில் தொங்கும் வேலைக் குறிப்புத் தாளை நீங்கள் தினமும் வாசிக்கிறீர்கள். ஒரு வரி பிசகினால் என்ன ஆகும் என்று தெரிந்தே வாசிக்கிறீர்கள். அந்தக் கண்ணுக்கு நாலு வரிக் கதை கஷ்டமா?

நீங்கள் வாத்தியார் ஆக வேண்டாம். பிள்ளையை மடியில் உட்கார வையுங்கள். வரிக்குக் கீழே விரலை ஓட்டுங்கள். யானை பேசினால் தொண்டையைத் தடியாக்குங்கள். எலி பேசினால் கீச்சென்று கத்துங்கள். பக்கம் திருப்புமுன் நிறுத்தி, “இப்ப என்ன ஆகும், சொல்லு?” என்று கேளுங்கள். பிள்ளை கதையையே மாற்றிவிட்டாலும் கைதட்டுங்கள். அதே புத்தகத்தைத் திரும்பத் திரும்பக் கேட்டால் அலுத்துக்கொள்ளாதீர்கள். மனப்பாடமான வரியில்தான் பிள்ளை எழுத்தை அடையாளம் கண்டுகொள்கிறது. தப்பாக வாசித்தால் தலையில் குட்டும் பழக்கத்தை மட்டும் இன்றோடு விட்டுவிடுங்கள். குட்டு வாங்கிய பிள்ளைக்குப் புத்தகம் எதிரியாகிவிடும்.

நைட் ஷிஃப்ட்டா? கிளம்புமுன் பத்து நிமிடம் போதும். ஓ.டி.யா? அம்மா வாசிக்கட்டும். அவரும் வேலைக்குப் போகிறவரா? பாட்டி இருக்கிறார். எழுத்தே தெரியாவிட்டாலும், படத்தைப் பார்த்துப் பாட்டி கட்டுகிற கதை அச்சில் இருப்பதை விடப் பல நேரம் நன்றாகவே இருக்கும்!

புத்தகத்துக்குக் காசில்லை என்பதும் சாக்குதான். அரசின் வாசிப்பு இயக்கம் 2023இல் தொடங்கியது. நுழை, நட, ஓடு, பற என்று நாலு படிகளில் குட்டிப் புத்தகங்கள் அரசுப் பள்ளிகளுக்கு வந்தன. பள்ளியில் கேளுங்கள், கூச்சப்படாதீர்கள். பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்க் கதைகள் இலவசம். ரீல்ஸ் ஓடுகிற அதே போனில்தான் அதுவும் திறக்கிறது.

நூலகமோ உங்கள் சொத்து. விடுதலை பெற்ற இந்தியாவின் முதல் பொது நூலகச் சட்டம் 1948இல் மதராஸ் மாகாணம் போட்டது. இன்றும் வீட்டு வரியில் ரூபாய்க்கு 10 பைசா நூலக வரியாகப் போகிறது. வாடகை வீடானாலும், நீங்கள் கொடுக்கும் வாடகையிலிருந்துதானே வீட்டுக்காரர் அதைக் கட்டுகிறார்? கட்டணம் செலுத்திவிட்டு வாசலிலேயே நிற்பானேன்?

அடுத்த வீக் ஆஃபில் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு பக்கத்துக் கிளை நூலகத்துக்குப் போங்கள். உறுப்பினராகச் சேருங்கள். எந்தப் புத்தகம் என்பதைப் பிள்ளையே எடுக்கட்டும். அன்று இரவே வாசிக்கத் தொடங்குங்கள்!