அயலார் நம் உடை தரிக்கலாமா?

ஒரு மனிதன் தன் நாட்டு உடையை விட்டு, தான் விருந்தாய்ச் சென்ற இடத்தாரின் உடையைத் தரிப்பது மரியாதையா, அல்லது வேஷமா? இக்கேள்வி சிறியதாய்த் தோன்றலாம். நாலு முழ வேட்டியிலும் ஆறு கஜச் சேலையிலும் நீதி அநீதி எங்கிருந்து வந்தது என்று கேட்பாரும் உண்டு. ஆனால் துணியின் பெயரால் மனிதனை மனிதன் எவ்வளவு தூரம் இழிவுபடுத்தியிருக்கிறான் என்பதை அறிந்தவர்கள் இதைச் சிறிய விஷயமென்று தள்ளிவிட மாட்டார்கள்.

கோலாலம்பூரைச் சேர்ந்த பிரிக்ஃபீல்ட்ஸிலும், கிள்ளானில் தெங்கு கிளானா சாலையிலும் தீபாவளி, தைப்பூச நாட்களில் இது நித்தியமும் எழும் கேள்வி. செங்கற்சூளைகளால் பெயர்பெற்று, பின்னர் ரயில்வே ஊழியர்களின் குடியிருப்பாய் வளர்ந்த பிரிக்ஃபீல்ட்ஸ், 2010-ம் ஆண்டு அக்டோபரில் இந்தியப் பிரதமர் மன்மோகன் சிங் வந்து திறந்து வைத்தது முதல் ‘லிட்டில் இந்தியா’ என்று அழைக்கப்படுகிறது. அதைப் பார்க்க வரும் அயல்நாட்டு யாத்திரிகர்களில் சிலர் அங்கேயே சேலையும் வேட்டியும் வாங்கிக் கட்டிக்கொண்டு கோயிலுக்கும் கலியாணத்துக்கும் போகிறார்கள். இதைக் கண்டு நம்மவர்களில் ஒரு சாரார், “நமது புனிதமான உடையை விளையாட்டுப் பொருளாக்குகிறார்கள்” என்று கோபிக்கிறார்கள். மற்றொரு சாரார், “வெள்ளைக்காரரே வேட்டி கட்டிவிட்டார், நமது நாகரிகத்தின் பெருமையே பெருமை” என்று பூரிக்கிறார்கள். இவ்விரண்டு அபிப்பிராயமும் தவறென்பதே நாம் சொல்ல வந்தது.

முதலாவது, கோபிப்பவர்களின் வாதத்தை எடுத்துக்கொள்வோம். உடை ஒரு கூட்டத்தாரின் தனிச்சொத்து, பிறர் தொடலாகாது என்றால், நாம் இன்று உடுத்துவதில் பாதியைக் கழற்றிக் கொடுத்துவிட நேரும். ரவிக்கையும் உள்பாவாடையும் சேர்த்து இன்று பெண்கள் சேலை உடுத்தும் முறை ஆதிகாலத்தது அன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், தாகூர் குடும்பத்து மருமகளான ஞானதானந்தினி தேவி போன்றவர்கள் பம்பாய்ப் பழக்கத்தையும் ஆங்கிலப் பழக்கத்தையும் பார்த்துச் செம்மைப்படுத்திப் பரப்பியதற்கு அதில் பெரும் பங்குண்டு. மலாக்காவில் தலைமுறை தலைமுறையாய் வாழும் செட்டி சமூகத்தார் சிவனையும் மாரியம்மனையும் வணங்கிக்கொண்டே, மலாய்ப் பெண்களைப்போல் கெபாயாவும் பாத்தேக் கைலியும் உடுத்தி வருகிறார்கள். அவர்களை யாரும் திருடர்கள் என்று சொல்வதில்லை. துணி எப்போதும் கப்பலேறிக் கரை கடந்துகொண்டே இருந்திருக்கிறது.

அன்றியும், “இது எங்கள் உடை, நீ உடுத்தாதே” என்ற வார்த்தையை நமது நாடு முன்பே கேட்டிருக்கிறது. திருவிதாங்கூரில் நாடார் குலப் பெண்கள் மார்பை மறைத்துத் தோள்சீலை அணிந்தது குற்றமென்று அடிக்கப்பட்டார்கள்; சந்தையில் அவர்கள் துணி கிழிக்கப்பட்டது. பல்லாண்டுப் போராட்டத்துக்குப்பின் 1859-ம் ஆண்டில் வெளிவந்த அரச விளம்பரமும், அவர்கள் மார்பை மறைத்துக்கொள்ளலாம், ஆனால் மேல்சாதிப் பெண்கள் உடுத்தும் மாதிரியில் உடுத்தலாகாது என்றே சொல்லிற்று. எந்தச் சமூகத்தின் பாட்டிமார் இவ்விதம் அடிபட்டார்களோ, அந்தச் சமூகத்தின் பேரப்பிள்ளைகள் இன்று ஓர் அயல்நாட்டுப் பெண்ணைப் பார்த்து, “எங்கள் மாதிரியில் உடுத்தாதே” என்று சொல்வது பொருந்துமா? சாதியின் பேரால் சொன்னால் அநியாயமானது, பண்பாட்டின் பேரால் சொன்னால் மட்டும் நியாயமாகிவிடுமா?

நிற்க, பூரிப்பவர்களின் வாதத்தைப் பார்ப்போம். இதுவே நமக்கு அதிக வருத்தம் தருவது. இதே கிள்ளான் வட்டாரத்து ரப்பர்த் தோட்டங்களில் 1941-ம் ஆண்டு நமது தொழிலாளர்கள் பெரும் வேலைநிறுத்தம் செய்தார்கள். கூலி உயர்வு ஒன்றை மட்டும் அவர்கள் கேட்கவில்லை. தோட்டத்துத் துரை எதிரே வந்தால் தொழிலாளி சைக்கிளை விட்டு இறங்கி நிற்கவேண்டும் என்ற வழக்கத்தை ஒழிக்கவேண்டுமென்றும் கேட்டார்கள். தலைவர் ஆர். எச். நாதன் கைது செய்யப்பட்டார். துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் உயிரும் போயிற்று. சைக்கிளில் அமர்ந்தபடி செல்லும் உரிமைக்காக உயிர் கொடுத்த மண்ணில், ஒரு வெள்ளையர் வேட்டி கட்டியதாலேயே வேட்டிக்கு மதிப்பு வந்ததென்று மகிழ்வதானால், நாம் சைக்கிளை விட்டு இறங்கினோமேயொழிய மனத்தில் இன்னும் ஏறவில்லை என்றுதானே பொருள்?

தாய்நாட்டிலும் இந்த நோய் உண்டு. 2014-ம் ஆண்டு ஜூலை மாதம் சென்னையில் உயர்நீதிமன்ற நீதிபதி அரிபரந்தாமன் வேட்டி கட்டிச் சென்றதற்காக ஒரு கிளப்பின் வாசலில் தடுக்கப்பட்டார். வெள்ளையர் போய் அறுபத்தேழு ஆண்டுகள் ஆன பிறகும் அவர்கள் உடை வழக்கத்தை ஒட்டிய விதி அங்கே காவல் நின்றது. அதே ஆண்டில் தமிழ்நாட்டுச் சட்டசபை ஒரு சட்டம் செய்து அத்தடையை நீக்கவேண்டியதாயிற்று. தமிழன் கட்டினால் வாசலில் தடுக்கப்படுவதும், அயலார் கட்டினால் படமெடுத்துப் போற்றப்படுவதும் ஒரே உடையானால், அங்கே மதிக்கப்படுவது உடை அன்று, உடுத்தியவரின் தோல்நிறமே என்பது விளங்கவில்லையா?

அப்படியானால் அயலார் நம் உடையை எவ்விதம் உடுத்தினால் அது தகும்? சரித்திரம் இரண்டு உதாரணங்களைத் தருகிறது. 1606-ம் ஆண்டு மதுரைக்கு வந்த இத்தாலியப் பாதிரியார் ராபர்ட் தெ நொபிலி காவி உடுத்தி, பூணூலும் அணிந்து, தமிழும் வடமொழியும் கற்றார். அவருடைய புலமையை நாம் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அந்த உடையோடு சேர்த்து, தாழ்த்தப்பட்டோரை விட்டு ஒதுங்கி வாழும் வழக்கத்தையும் அவர் ஏற்றுக்கொண்டார். அயர்லாந்திலிருந்து வந்து திருநெல்வேலிச் சீமையில் டோனாவூரில் தங்கிய ஏமி கார்மைக்கேல் அம்மையாரும் சேலையே உடுத்தினார். ஆனால் அவர் அந்த உடையில், கோயிலுக்குப் பொட்டுக்கட்ட விடப்பட இருந்த சிறுமிகளைக் காப்பாற்றி வளர்த்தார். முன்னவர் உடையோடு நமது உயர்வு தாழ்வையும் வாங்கிக்கொண்டார். பின்னவர் உடையை வாங்கிக்கொண்டு நமது குழந்தைகளுக்குத் தாயானார். இருவருடைய மதமுயற்சியைப்பற்றி நமக்கு எந்த அபிப்பிராயமிருந்தாலும், ஓர் உடையின் தகுதி அதை உடுத்தியவர் யாரோடு நிற்கிறார் என்பதில் இருக்கிறது என்பதை இவ்விருவரும் காட்டுகிறார்கள்.

மரியாதை என்பது துணியின் நீளத்தில் இல்லை என்பதற்குப் பத்துமலையே சாட்சி. அங்கே 272 படிகளின் அடியில், 2006-ம் ஆண்டு எழுந்த 140 அடி முருகன் சிலையின் நிழலில், முழங்கால் தெரிய வரும் யாத்திரிகர்களுக்கு இடுப்பில் சுற்றிக்கொள்ளத் துணி கொடுக்கிறார்கள். தைப்பூசத்தன்றோ காவடி எடுப்பவர் வெற்று மார்போடு அதே படியேறுகிறார். யாழ்ப்பாணத்து வழக்கமுள்ள கோயில்களில் ஆண்கள் சட்டையைக் கழற்றிவிட்டே உள்ளே போகிறார்கள். காவடிக்காரரின் வெற்றுடம்பு தகுமென்றும், கடற்கரையிலிருந்து அப்படியே வந்தவரின் அரைக்கால் சட்டை தகாதென்றும் ஏன் சொல்லுகிறோம்? ஒருவர் அந்த இடத்தை எண்ணிக் கழற்றினார்; மற்றவர் அந்த இடத்தை எண்ணவேயில்லை. இடத்தையும் அங்குள்ளவரையும் எண்ணி உடுத்துவதே தகுதி. எண்ணாமல் உடுத்துவது, பட்டுச்சேலையானாலும், தகுதியன்று.

ஆகையால் வருகிறவர் அறிந்துகொள்ளவேண்டியவை அதிகமில்லை. உள்பாவாடை சேலைக்குள்ளே அணிவது. அதை மட்டும் அணிந்து வீதியில் போவது, உள்ளாடையோடு போவதற்குச் சமம். கைலி வீட்டுக்கும் வேலைக்கும் உரியது. கலியாணத்துக்கு வேட்டியே பொருந்தும். மடித்துக் கட்டிய வேட்டியைப் பெரியவர் முன்னே இறக்கிவிடுவது வழக்கம். தெரியாதவற்றைக் கடையிலுள்ள அம்மையாரிடம் கேட்டால் கொசுவம் மடித்துக் கட்டிவிட்டே அனுப்புவார். கேட்பதே பாதி மரியாதை.

தாலியையும் பூணூலையும் அலங்காரத்துக்காக அணியலாமோ என்று கேட்டால், வேண்டாம் என்போம். அவை புனிதமென்பதால் அன்று. முன்னது ஒரு பெண்ணின் வாழ்க்கையை இன்னொருவனோடு கட்டிய அடையாளம், பின்னது ஒரு மனிதனைப் பிறரினும் மேலானவனென்று சொன்ன அடையாளம். அர்த்தமறியாமல் அவற்றை அணிகிறவர் நமது வழக்கை அறியாமலே ஒரு கட்சியில் சேர்ந்துவிடுகிறார். ஆனால் வெள்ளைச் சேலை உடுத்தி வந்த அயல்நாட்டுப் பெண்ணைப் பார்த்து, “இது விதவைக் கோலம், அமங்கலம்” என்று முகஞ்சுளிப்பவர்களைக் கண்டால் நாம் வெட்கப்படுகிறோம். திருந்தவேண்டியது அந்தப் பெண் அல்ல. கணவனை இழந்தவளிடமிருந்து வர்ணங்களையெல்லாம் பறித்த வழக்கமே திருந்தவேண்டும்.

கடைசியாக, வீட்டாரின் கடமையைச் சொல்லுவோம். விருந்தினர் தவறாய்க் கட்டியிருந்தால் சிரிக்காமல் தனியே சொல்லித் திருத்துவது கடமை. நன்றாய்க் கட்டியிருந்தால் நம்மில் ஒருவராய் எண்ணி அவருக்கும் பந்தியில் இடம் போடுவது போதும். மாலையும் மேடையும் வேண்டியதில்லை. அந்த மண்டபத்தின் வாசலில் வேலை முடிந்து கசங்கிய சட்டையோடு வந்து நிற்கும் ஒப்பந்தத் தொழிலாளியும் அயல்நாட்டான்தான். அவனும் கடல் கடந்து வந்தவன்தான். அவனிடம் உடை விதி பேசி வெளியே நிறுத்தி, புகைப்படக் கருவியோடு வந்தவருக்கு விதியைத் தளர்த்துகிற வாசல்காவலன் காப்பது பண்பாட்டை அன்று. அவனை அங்கே நிறுத்திய நாமே அதற்குப் பதில் சொல்லவேண்டும்.

உடையால் மனிதனுக்கு மரியாதை வருவதில்லை. மனிதனுக்குச் செய்யும் மரியாதையால்தான் உடைக்கு மரியாதை வருகிறது. அயலார் நம் உடை தரிக்கலாமா என்று கேட்கிற நாம், அவ்வுடைக்குள்ளிருந்த நம்மவரை இதுவரை எப்படி நடத்தினோம் என்பதையும் சேர்த்துக் கேட்டுக்கொள்வோமாக.