வாக்கின் நீளம்

எமிலியானோ சாலா இறந்த இரவில் அவர் யாருடைய ஆட்டக்காரர்?

2019 ஜனவரி 19 அன்று, பிரான்சின் நாந்த் கிளப்பிலிருந்து அவரை ஒன்றரைக் கோடி பவுண்டுக்கு வாங்கிவிட்டதாக வேல்ஸின் கார்டிஃப் சிட்டி அறிவித்தது. பழைய தோழர்களிடம் விடைபெற அவர் நாந்துக்குப் போனார். 21ஆம் தேதி இரவு அவரை ஏற்றிவந்த சிறு விமானம் கர்ன்ஸி தீவுக்கு அருகே ஆங்கிலக் கால்வாயில் விழுந்தது. வயது 28. உடல் கிடைத்தது பிப்ரவரியில். அதற்குள் பணப் பேச்சு தொடங்கிவிட்டது. முதல் தவணையைக் கட்டு என்றது நாந்த். பிரீமியர் லீக்கில் ஒப்பந்தம் பதிவாகவில்லை, ஆகவே மாற்றம் முடியவில்லை என்றது கார்டிஃப். சர்வதேச மாற்றுச் சான்று வந்தாயிற்று, முடிந்தது முடிந்ததுதான் என்றது நாந்த். 60 லட்சம் யூரோவைக் கட்டும்படி ஃபிஃபா 2019இல் உத்தரவிட்டது. 2022 ஆகஸ்டில் லொசான் நகரத்து விளையாட்டு நடுவர் மன்றம் அதையே உறுதிசெய்தது. நாந்துக்கு வரும் பணத்தில் பாதி, அதற்கு முன் அவரை வைத்திருந்த போர்தோ கிளப்புக்குப் போக வேண்டும் என்று இன்னொரு ஷரத்தும் இருந்தது.

செத்தவனை வைத்துப் பேரமா என்று அப்போது பலர் கொதித்தார்கள். எனக்குக் கொதிப்பு வரவில்லை. சார்பதிவாளர் அலுவலக வாசலில் பத்திரம் எழுதிப் பிழைத்தவன் நான். கிரயம் பேசி முன்பணம் கைமாறி, பதிவுக்கு நாள் குறித்தபின் ஒரு தரப்பு கண்ணை மூடிவிடுவது எங்கள் தொழிலில் புதிதல்ல. காரியம்கூட முடியாத வாரிசுகள், மழிக்காத முகத்தோடு, ஒப்பந்த நகலைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். அவர்கள் கல்நெஞ்சக்காரர்கள் இல்லை. கேள்விக்குப் பதில் வேண்டியிருக்கிறது, அவ்வளவுதான்.

என்னை உறுத்தியது வேறு. நிலம் என்றால் விற்றவர் போனாலும் நிலம் இருக்கும். சாலா போனபின் கார்டிஃபின் கையில் மிஞ்சியது என்ன? மூன்றரை வருடம் உங்களுக்கு ஆடுகிறேன் என்று அவர் கொடுத்த வாக்கு. அந்த வாக்கைப் பெறுவதற்காக, நாந்துக்கு அவர் முன்பு கொடுத்திருந்த வாக்கிலிருந்து அவரை விடுவிக்கத்தான் அந்த ஒன்றரைக் கோடி. பேரன் தயவில் ராத்திரி கண்விழித்து ஐரோப்பிய ஆட்டங்கள் பார்க்கப் பழகியவன் நான். கோடிகளின் கணக்கு வரும்போதெல்லாம் மனிதனுக்கு விலையா என்று பத்திரிகைகள் கேட்கின்றன. சந்தையில் இருப்பது மனிதன் இல்லை, அவன் வாக்கு. அப்படியானால் கேள்விகள் இன்னும் கடினமாகின்றன. ஒருவன் கொடுத்த வாக்கை வைத்து இன்னொருவன் காசு பார்க்கலாமா? ஒரு வாக்கு ஆளை எவ்வளவு தூரத்துக்குக் கட்டலாம்?

முதலில் தூரம். இங்கிலாந்தில் 1963 வரை, ஒப்பந்தக் காலம் முடிந்த பிறகும் ஆட்டக்காரரைப் பிடித்துவைத்துக்கொள்ளக் கிளப்புக்கு உரிமை இருந்தது. நியூகாசில் யுனைடெட்டில் இருந்த ஜார்ஜ் ஈஸ்ட்ஹாம் வேறு இடம் போகக் கேட்டார்; கிளப் விடவில்லை. 1960இல் ஒப்பந்தம் முடிந்தது, அப்போதும் விடவில்லை. அவர் ஆட்டத்தை நிறுத்திவிட்டுத் தெற்கே போய் கார்க் விற்கும் வேலை பார்த்தார். கடைசியில் 47,500 பவுண்டுக்கு ஆர்சனலுக்கு அனுப்பப்பட்டார். போன பிறகும் வழக்கை அவர் விடவில்லை. 1963இல் நீதிபதி வில்பர்ஃபோர்ஸ், அந்தப் பிடித்துவைக்கும் முறை தொழில் செய்யும் உரிமைக்கு நியாயமற்ற தடை என்று தீர்ப்பளித்தார்.

முடிந்துபோன வாக்கு கட்டுமா? எங்கள் தொழிலில் இதற்கு மூல வழக்கு திருவெண்ணெய்நல்லூரில் நடந்தது. சுந்தரர் என்று நாம் அறியும் நம்பியாரூரரின் கல்யாணப் பந்தலுக்குள் ஒரு கிழவர் வந்து, நீ எனக்கு அடிமை என்று ஓலையைக் காட்டினார். மாப்பிள்ளை அதைப் பிடுங்கிக் கிழித்தார். அது படியோலைதான், மூல ஓலை ஊரில் இருக்கிறது என்றார் கிழவர். வெண்ணெய்நல்லூர் சபை கூடியது. பாட்டனார் தம்மையும் தம் வழிவழி வருகிறவர்களையும் எழுதிக்கொடுத்த ஓலை அது. பாட்டனாரின் வேறொரு பழைய ஓலையை வரவழைத்து, கையெழுத்தை ஒப்பிட்டுப் பார்த்து, ஒத்திருக்கவே, ஆரூரர் அடிமைதான் என்று சபை முடிவு சொன்னது. பெரியபுராணத்தில் சேக்கிழார் சொல்லும் அந்த விசாரணையில் ஓர் ஆவண எழுத்தன் குறை காண முடியாது; நடைமுறை அத்தனை சுத்தம்.

ஆனால் ஓலையில் பேரனின் கையெழுத்து இல்லை. பக்தனாக நான் அந்தத் தீர்ப்பை ஏற்கிறேன். எழுத்தனாக ஏற்க முடியாது. இரண்டுக்கும் நடுவில் என்ன வித்தியாசம் என்று யோசித்துப் பார்த்திருக்கிறேன். ஓலையோடு கிழவராக வந்த சிவன் பிறகு தாமும் கட்டுப்பட்டார். தம்பிரான் தோழர் என்று பேர் கொடுத்தார். ஆரூரரின் மனைவி பரவையாரின் ஊடலைத் தீர்க்க நடுராத்திரியில் திருவாரூர்த் தெருவில் தூது நடந்தார். எல்லாம் அவனுடையதே என்று நாம் நம்பும் ஒருவன் அப்படி ஒரு பத்திரத்தை நீட்டலாம். நியூகாசிலின் இயக்குநர்கள் நீட்ட முடியாது.

மீதி ஐரோப்பாவில் இந்தக் கட்டு இன்னும் முப்பது வருடம் தாங்கியது. பெல்ஜியத்தின் லியேஜ் கிளப்பில் ஜான்-மார்க் போஸ்மனின் ஒப்பந்தம் 1990இல் முடிந்தது. புதிய ஒப்பந்தத்தில் அவர் மாதச் சம்பளத்தை 1,20,000 பிராங்கிலிருந்து 30,000 ஆகக் குறைத்தது கிளப். அவர் பிரான்சின் டங்கர்க்குக்குப் போகப் பார்த்தார். மாற்றுத் தொகைப் பேச்சு நடுவில் நின்றது, அவரும் நடுவில் நின்றார். 1995 டிசம்பர் 15 அன்று ஐரோப்பிய நீதிமன்றம், ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் ஒப்பந்தம் முடிந்த ஆட்டக்காரருக்குத் தொகை கேட்கக் கூடாது என்றது. அதற்குள் அவருடைய ஆட்ட வயது கழிந்துவிட்டிருந்தது. அந்தத் தீர்ப்பில் பணம் பார்த்தவர்கள் பின்னால் வந்தவர்கள்.

அந்தத் தீர்ப்புக்குப் பிறகு விலையின் பொருளே மாறியது. கிளப் விற்கக்கூடியது, ஒப்பந்தத்தில் மீதமிருக்கும் காலத்தை மட்டும்தான். 2021இல் மெஸ்ஸி பார்சிலோனாவை விட்டுப் பாரிசுக்குப் போனபோதும், 2024இல் எம்பாப்பே பாரிசை விட்டு ரியல் மாட்ரிட்டுக்குப் போனபோதும் மாற்றுத் தொகை பூஜ்யம். ஆற்றல் வற்றிப்போனதால் வந்த பூஜ்யம் இல்லை. வாக்கு தீர்ந்துபோனதால் வந்தது. நிலத்தை விற்பதை விட்டுக் குத்தகையின் மீதிக் காலத்தைக் கைமாற்றுகிற வேலை இது.

அடுத்தது விலை. வாக்கைப் பாதியில் உடைக்க முன்கூட்டியே ஒரு தொகை எழுதிவைத்தால், அது வாக்குதானா? ஸ்பெயினில் 1985ஆம் ஆண்டின் அரசாணை, ஆட்டக்காரர் நஷ்டஈடு கட்டி ஒப்பந்தத்தை முறித்துக்கொள்ள வழி வைத்தது. அதனால் அங்கே அநேகமாக ஒவ்வொரு ஒப்பந்தத்திலும் ஒரு விடுவிப்புத் தொகை இருக்கிறது. 2000இல் லூயிஸ் ஃபிகோ அந்த வழியாகத்தான் பார்சிலோனாவிலிருந்து பரம எதிரியான மாட்ரிட்டுக்குப் போனார். 2017 ஆகஸ்டில் நெய்மர் பார்சிலோனாவை விட்டுப் பாரிசுக்குப் போக 22.2 கோடி யூரோ. ஸ்பெயின் லீக் அமைப்பான லா லீகா அந்தப் பணத்தை வாங்க மறுத்ததும், நெய்மரின் வழக்கறிஞர்கள் பார்சிலோனா கிளப் அலுவலகத்துக்கே போய்க் கட்டிவிட்டு வந்தார்கள்.

இதைப் பார்த்துச் சிரிக்கக்கூடியவர் அமெரிக்க நீதிபதி ஹோம்ஸ். ஒப்பந்தம் என்றால் நிறைவேற்று, இல்லாவிட்டால் நஷ்டஈடு கொடு, அதற்குமேல் அதில் ஒன்றுமில்லை என்ற பொருளில் 1897இல் அவர் பேசினார். முகம் சுளிக்கக்கூடியவர் காண்ட். விலை உள்ள பொருளுக்கு ஈடாக இன்னொன்றை வைக்கலாம், எதற்கு ஈடே இல்லையோ அதற்குத்தான் கண்ணியம் என்று 1785இல் எழுதியவர் அவர். வாக்குக்கு ஈடு வைத்துவிட்டால் வாக்குக்குக் கண்ணியம் ஏது?

இதற்கும் ஆரூரரிடமே ஒரு வழக்கு இருக்கிறது. திருவொற்றியூரில் மணக்க இருந்த சங்கிலியாரைப் பிரியேன் என்று சத்தியம் செய்ய வேண்டும். சன்னிதியில் நான் சத்தியம் செய்யும்போது நீர் மகிழ மரத்தடிக்கு நகர்ந்துவிடும் என்று சாமியிடம் ரகசிய ஏற்பாடு செய்துகொண்டார். சாமியும் சரி என்றுவிட்டு, மகிழடியில் சத்தியம் வாங்கு என்று சங்கிலியாருக்குத் தெரிவித்துவிட்டார். பின்னொரு நாள் ஆரூரர் ஊர் எல்லையைத் தாண்டினார். இரண்டு கண்ணும் போயின. இடக்கண் காஞ்சியிலும் வலக்கண் ஆரூரிலும்தான் திரும்பக் கிடைத்தன.

அவர் தப்பு, போக நினைத்ததில் இல்லை. எதிர்த்தரப்புக்குத் தெரியாத ஒரு வாசலை வாக்குக்குள் வைத்ததில் இருக்கிறது. ஸ்பெயின் ஷரத்து நேர்மாறு: போகலாம், இன்ன விலை என்று இருவரும் முதல் நாளே பார்த்துக் கையெழுத்திட்ட வாசல். காண்ட் கேட்கும் முழு வாக்கு அது இல்லை. சின்ன வாக்கு, ஆனால் நாணயமான வாக்கு. நெய்மர் போனதில் எனக்கு எந்தக் குறையும் இல்லை.

குறை வேறு இடத்தில். மாட்ரிட் தன் முக்கிய ஆட்டக்காரர்கள் சிலருக்கு எழுதிய 100 கோடி யூரோ ஷரத்து, யாரும் திறக்கக் கூடாது என்றே செய்த வாசல். 2013இல் லிவர்பூலின் லூயிஸ் சுவாரஸுக்கு 4 கோடி பவுண்டுக்கு மேல் யாராவது கேட்டால் போகலாம் என்று ஒரு ஷரத்து இருந்தது. ஆர்சனல் 4 கோடியே 1 பவுண்டு கேட்டது. ஊரே அந்த ஒரு பவுண்டைக் கேலி செய்தது. லிவர்பூல் விடவில்லை. அப்படியொரு ஷரத்து இருந்தது உண்மைதான், விற்பதில்லை என்ற நிலையை எடுத்தோம் என்று கிளப் முதலாளியே பிறகு பகிரங்கமாகச் சொன்னார். இங்கே மகிழடி ஏற்பாடு செய்துகொண்டவர் முதலாளி, கண் போகவில்லை. அடுத்த வருடம் பார்சிலோனா அதைவிட அதிக விலை கொடுத்து சுவாரஸை வாங்கிக்கொண்டது.

இதெல்லாம் மனிதர்கள் மனிதர்களோடு செய்யும் தந்திரம், பொறுத்துக்கொள்ளலாம். என்னால் ஒப்ப முடியாதது, வாக்கின் நீளத்தைக் கணக்குப் புத்தகம் முடிவு செய்வது. மாற்றுத் தொகையை வாங்கிய வருடத்திலேயே செலவாகக் காட்ட வேண்டியதில்லை. ஒப்பந்த வருடங்களுக்குப் பங்கிட்டு எழுதலாம். 2023 ஜனவரியில் செல்சீ, பென்ஃபிகாவிலிருந்து என்ஸோ ஃபெர்னாண்டஸை 10.68 கோடி பவுண்டுக்கு வாங்கியது. ஒப்பந்தம் எட்டரை வருடம். பங்கிட்டால் வருடத்துக்குச் சுமார் 1.26 கோடி. ஐந்து வருட ஒப்பந்தமாக இருந்தால் 2.14 கோடி ஆகியிருக்கும். அதே மாதம் உக்ரைனின் முத்ரிக்கையும் எட்டரை வருடத்துக்கே எடுத்தார்கள். இருவரும் இருபதுகளின் தொடக்கத்தில் இருந்தவர்கள். புத்தகத்தில் சுமை குறைந்து தெரிவதற்காக ஒரு இளைஞனின் வாக்கு நீட்டப்பட்டது. அந்த வருடமே ஐரோப்பியச் சங்கமான யுஏஃபா, எத்தனை வருட ஒப்பந்தமானாலும் ஐந்து வருடத்துக்குமேல் பங்கிட முடியாது என்றது. பிரீமியர் லீக்கும் பின்தொடர்ந்தது. கணக்குக்கு வரம்பு வந்தது. வாக்குக்கு வரவில்லை.

அதே புத்தகத்தின் மறுபக்கம் இன்னும் விநோதம். கிளப்பின் பயிற்சிப் பள்ளியில் வளர்ந்த பையனுக்கு யாரும் மாற்றுத் தொகை கொடுக்கவில்லை. ஆகவே புத்தகத்தில் அவன் மதிப்பு பூஜ்யம். அவனை விற்றால் வரும் முழுத் தொகையும் லாபம். மூன்று வருடத்தில் இவ்வளவுக்குமேல் நஷ்டம் காட்டக் கூடாது என்று விதி நெருக்கும்போது, முதலில் சந்தைக்கு வருகிறவன் அவன்தான். ஆறு வயதிலேயே செல்சீக்கு வந்த மேசன் மவுண்ட் 2023இல் மான்செஸ்டர் யுனைடெட்டுக்குப் போனார். மறுவருடம், சின்ன வயதிலிருந்து அங்கேயே வளர்ந்த கானர் கேலகர் அத்லெட்டிகோ மாட்ரிட்டுக்குப் போனார். எவன் அதிக காலம் உனக்கு உண்மையாக இருந்தானோ அவனை விற்பதே அதிக லாபம் என்று ஒரு கணக்குமுறை சொன்னால், விசுவாசத்தைத் தண்டிக்கும் முறை என்றுதான் நான் அதைச் சொல்வேன்.

அவர்களும் கையெழுத்துப் போட்டுத்தானே போகிறார்கள், கோடி கோடியாகச் சம்பாதிக்கிறார்களே என்பது நியாயமான மறுப்பு. 2008இல் ரொனால்டோவுக்காக இது நவீன அடிமைத்தனம் என்று பேசிய அப்போதைய ஃபிஃபா தலைவர் செப் பிளாட்டரை உலகமே கேலி செய்தது, சரிதான். அடிமையின் சம்மதம் யாருக்கும் வேண்டியதில்லை. இங்கே ஆட்டக்காரர் ஒப்பாமல் மாற்றம் இல்லை. ஆனாலும் கையெழுத்து இருக்கிறதா என்று பார்ப்பது எழுத்தனின் வேலையில் பாதிதான். எதற்காகக் கையெழுத்து வாங்கப்படுகிறது என்பது மறுபாதி. பெண் கல்யாணத்துக்காக வீட்டை விற்கிறவரும், பங்காளிக்குப் போகக் கூடாது என்று விற்கிறவரும் ஒரே இடத்தில்தான் ரேகை வைப்பார்கள்.

ஃபிஃபா விதியிலேயே ஒரு நல்ல வரி உண்டு: பதினெட்டு வயது நிரம்பாதவரின் ஒப்பந்தம் மூன்று வருடத்துக்குமேல் செல்லாது. தன் எதிர்காலத்தை இன்னும் அறியாதவனிடம் நீண்ட வாக்கு வாங்குவது அநியாயம் என்று விதியை எழுதியவருக்குப் புரிந்திருக்கிறது. மற்றவர்களுக்கும் அங்கே ஐந்து வருடம் என்ற வரம்பு உண்டு. அந்தந்த நாட்டுச் சட்டம் இடம் கொடுத்தால் மீறலாம் என்ற வாசலோடு. எட்டரை வருடம் அந்த வாசல் வழியே வந்தது. இருபத்திரண்டு வயதில் முப்பதாம் வயதுவரைக்கும் எழுதிக்கொடுக்கிறவனுக்கு மட்டும் எதிர்காலம் தெரியுமா என்ன?

ஆகவே என் முடிவு இது. வாக்குக்கு விலை வைப்பது பாவமில்லை. விலை பெரிதாக இருப்பதும் பாவமில்லை. வாக்குக் கொடுத்தவன் வாழ்க்கைக்குச் சம்பந்தமில்லாத காரணத்துக்காக அந்த வாக்கை நீட்டுவது பாவம். ஐந்து வருடம், அதற்குமேல் எவருக்கும் இல்லை. விடுவிப்புத் தொகை ஒவ்வொரு ஒப்பந்தத்திலும், மீதமிருக்கும் காலத்தோடு சேர்ந்து குறைந்துகொண்டே வரும்படி. என்னிடம் எழுதச் சொன்னால் இந்த இரண்டு ஷரத்தையும் முதல் பக்கத்தில் எழுதுவேன். கிளப்புகள் தயங்கும். தயங்கட்டும், பாட்டன் எழுதியதற்குப் பேரனைக் கேட்கும் அதிகாரம் வெண்ணெய்நல்லூர்க் கிழவர் ஒருவருக்குத்தான் உண்டு.