விளையாடப்படாததன் விலை

ஒரு பொம்மை எவ்வளவு பெறும்? சேகரிப்பாளர்கள் இதற்கு எண்ணிலேயே பதில் வைத்திருக்கிறார்கள். அமெரிக்காவில் ஆக்‌ஷன் ஃபிகர் அத்தாரிட்டி, சுருக்கமாக ஏஎஃப்ஏ, என்றொரு நிறுவனம் இருக்கிறது. பழைய ஸ்டார் வார்ஸ் பொம்மையை அனுப்பினால் நூற்றுக்கு மார்க் போட்டுத் தருவார்கள். அட்டைக்குத் தனி மார்க், அதில் ஒட்டிய பிளாஸ்டிக் குமிழுக்குத் தனி மார்க், உள்ளே நிற்கும் உருவத்துக்குத் தனி மார்க். அட்டை முனை மடங்கினால் குறையும், குமிழ் மஞ்சளடித்தால் குறையும். கடைசியில் எல்லாவற்றையும் அக்ரிலிக் பெட்டிக்குள் வைத்து மூடிவிடுவார்கள்.

மென்பொருள் சோதனை அறிக்கைகளைப் படித்தே காலம் தள்ளுகிறவன் நான். எனக்கு இந்த மார்க் ஒரு விஷயத்தைச் சொல்கிறது. பொம்மைக்கு என்னென்ன நடக்கவில்லை என்பதைத்தான் இது அளக்கிறது. யாரும் பிரிக்கவில்லை, கடிக்கவில்லை, மண்ணில் புதைக்கவில்லை. அப்படியானால் முழு மார்க் வாங்கிய பொம்மை ஒரு நாளும் யாருக்கும் பொம்மையாக இருந்ததில்லை.

பைத்தியக்காரத்தனம் என்று சொல்லிவிட்டுப் போகலாம். ஆனால் ஜாவாவின் கதை அப்படிப் போகவிடாது. 1978இல் கென்னர் நிறுவனம் கொண்டுவந்த முதல் 12 உருவங்களில் குட்டை உருவமான ஜாவாவும் ஒன்று. தொடக்கத்தில் அதற்கு வினைல் மேலங்கி. பார்க்க மலிவாகத் தெரிகிறது என்று சீக்கிரமே துணிக்கு மாற்றிவிட்டார்கள். மலிவாகத் தெரிந்த அந்த வினைல்தான் இன்று பெரும் விலை. அதனால் வேறு உருவத்தின் வினைல் அங்கியை வெட்டி ஜாவாவுக்கு மாட்டி விற்கும் மோசடியும் நடக்கிறது. அதே கம்பெனி, அதே காலத்துப் பிளாஸ்டிக். விளையாடும் குழந்தைக்கு எந்த வித்தியாசமும் இல்லை. பிறகு என்ன ஏமாற்று?

என் தொழிலில் ஒரு கோப்பின் நகலும் மூலமும் ஒன்றேதான். பைட்டுக்கு பைட் பொருந்தினால் பேச்சு முடிந்தது. பொருள்களுக்கு அப்படி இல்லை. அவற்றுக்கு இறந்தகாலம் உண்டு. வெட்டி மாட்டிய அங்கி அந்த இறந்தகாலத்தைப் பற்றிப் பொய் சொல்கிறது. சேகரிப்பாளர் காசு கொடுப்பது உண்மையான ஒரு கடந்தகாலத்துக்கு. அவரை முட்டாள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

சரி, அந்தக் கடந்தகாலத்தில் எவ்வளவு சொல்லப்படுகிறது? 1979இல் கென்னர் தபால் வழியாகப் போபா ஃபெட் உருவத்தை அனுப்புவதாக விளம்பரம் செய்தது. முதுகிலிருந்து குட்டி ஏவுகணை பாயும் என்றார்கள். அந்தக் காலத்தில்தான் மேட்டல் நிறுவனத்தின் பேட்டில்ஸ்டார் கலாக்டிகா பொம்மையின் ஏவுகணை தொண்டையில் சிக்கி ஒரு சிறுவன் இறந்தான். கென்னர் பாயும் வசதியைக் கைவிட்டு, ஏவுகணையை உடலோடு அசையாமல் பொருத்தி அனுப்பியது. பாயும் மாதிரிகள் சில மட்டும் தப்பிப் பிழைத்தன. கையால் வண்ணம் தீட்டிய அப்படியொரு மாதிரி 2024இல் ஹெரிடேஜ் ஏலத்தில் 5,25,000 டாலருக்குப் போனது.

அந்த அரிதுக்குப் பின்னால் ஒரு குழந்தையின் மரணம் இருக்கிறது. வாங்கியவர் குற்றவாளியா? இல்லை, அவரால் எதுவும் நேரவில்லை. வாங்காமல் விட்டாலும் அந்தச் சிறுவனுக்கு ஒன்றும் ஆகப்போவதில்லை. ஆனால் அவர் கையில் இருப்பது ஒரு தீர்மானத்தின் சாட்சி. இது குழந்தைகள் கைக்குப் போகக் கூடாது என்று யாரோ நிறுத்தினார்கள், அதனால்தான் அது அபூர்வமானது. இதை விட்டுவிட்டு ‘உலகிலேயே அரிது’ என்று மட்டும் சொன்னால், அதுவும் வெட்டி மாட்டிய அங்கிதான். பாதி உண்மையை வைத்து முழு விலை கேட்பது.

என்னிடமும் ஒரு போபா ஃபெட் இருக்கிறது. அட்டை இல்லை, துப்பாக்கி இல்லை, கால் மூட்டு தளர்ந்து நிற்க மாட்டேன் என்கிறது. தலைக்கவசத்தில் கட்டைவிரல் படும் இடத்தில் மட்டும் பெயின்ட் போயிருக்கிறது. ஏஎஃப்ஏ கணக்கில் அது குறை. கடந்தகாலத்துக்குத்தான் காசு என்றால், அந்தத் தேய்மானத்துக்கு ஏன் மார்க் கழிக்கிறார்கள்? எங்கோ ஒரு குழந்தை அதே இடத்தில் திரும்பத் திரும்பப் பிடித்திருக்கிறது. எனக்குத் தெரிந்து அதன் கடந்தகாலத்தில் ஐயமில்லாத பகுதி அது ஒன்றுதான்.