வழியில் கழியும் பொழுது

ஊதியம் தரும் வேலையை விடலாமா என்னும் கேள்வி எழும்போது நாம் பெரும்பாலும் பணத்தைக் கொண்டே விடை தேடுகின்றோம். வருவாய் எவ்வளவு, செலவு எவ்வளவு என்பதோடு கணக்கு முடிந்துவிடுகிறது. வேலைக்குச் சென்று திரும்பும் வழியில் கழியும் பொழுது அந்தக் கணக்கில் ஏறுவதில்லை. அப்பொழுதைக் கொடுப்பவர் யார்? நம் மனச்சான்று எழுப்ப வேண்டிய கேள்வி இது.

பண்ருட்டியிலிருந்து வடலூர் செல்லும் நெடுஞ்சாலையில் உள்ளது காடாம்புலியூர். முந்திரியும் பலாவும் விளையும் செம்மண் பூமி. தோப்பில் உழைத்தவருக்கு வேலை வீட்டுக்கு அருகிலேயே இருந்தது. 1956இல் தொடங்கப்பெற்ற நெய்வேலிப் பழுப்பு நிலக்கரி நிறுவனமும் தன் பணியாளர்களுக்குச் சுரங்கத்தின் அருகிலேயே வட்டம் வட்டமாகக் குடியிருப்புகளை எழுப்பியது. உழைப்பவனின் வீடு உழைப்பிடத்துக்கு அண்மையில் இருத்தல் நலம் என்பதை அந்நகரை அமைத்தோர் உணர்ந்திருந்தனர். ஆனால் 2011 டிசம்பர் 30 அன்று வீசிய தானே புயல் இப்பகுதியின் முந்திரி, பலா மரங்களைப் பெருமளவில் சாய்த்துவிட்டது. புதிதாக நட்ட கன்று காய்ப்புக்கு வர ஆண்டுகள் பல ஆகும். வயிறு அதுவரை காத்திராது. தோப்பை நம்பிய வீட்டிலிருந்து ஒருவர் கடலூருக்கோ புதுச்சேரிக்கோ ஆலை வேலைக்குப் பேருந்து ஏறினால் அதில் வியப்பில்லை.

அத்தகைய ஒருவரை எண்ணிப் பார்ப்போம். போக ஒன்றரை மணி, வர ஒன்றரை மணி என்றால் நாளுக்கு 3 மணி நேரம். மாதம் 25 நாள் வேலை எனில் 75 மணி. ஆண்டுக்கு 900 மணி. எட்டு மணி வேலைநாளாகப் பார்த்தால் இது 112 நாளுக்கும் மேல். 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் வேலைநேரத்தை நாளுக்கு 9 மணி, வாரத்துக்கு 48 மணி என வரையறுத்தது. அவ்வரையறை ஆலையின் வாசலோடு நின்றது. இ.எஸ்.ஐ. சட்டத்தில் 2010இல் செய்யப்பட்ட திருத்தம், வேலைக்குச் சென்று வரும் வழியில் நேரும் விபத்தையும், பணியோடு அதற்குள்ள தொடர்பு நிறுவப்பட்டால், பணியில் நேர்ந்த காயமாகவே ஏற்றது. வழியும் வேலையின் பகுதியே என்று சட்டம் அந்த அளவுக்கேனும் ஒப்புக்கொண்டது.

அந்த 900 மணியைக் கொடுப்பவர் தொழிலாளி மட்டும் அல்லர். விடியுமுன் எழுந்து சோறு கட்டித் தரும் மனைவியும், தந்தை வருமுன் உறங்கிவிடும் குழந்தையும், மருத்துவரிடம் அழைத்துச் செல்ல மகன் இன்றிக் காத்திருக்கும் தாயும் அதில் பங்கு கொடுக்கின்றனர். அவர்களை யாரும் கேட்டதில்லை.

அப்படியானால் வேலையை விட்டுவிடுவதே அறமா? அதுவும் எளிதன்று. கணவனின் ஊதியம் நின்றால் மனைவி முந்திரி உடைக்கச் செல்ல நேரலாம். முந்திரி ஓட்டிலிருந்து வடியும் எண்ணெய் விரல்களின் தோலைப் பொசுக்கும். மகளின் கல்லூரிக் கனவு கலையலாம். ஒருவர் பெறும் ஓய்வு மற்றொருவர் மேல் சுமையாக இறங்குமானால், அதை விடுதலை என்று எவ்வாறு அழைப்பது?

திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல், மனித உழைப்பைப் பற்றி 1981இல் வெளியிட்ட சுற்றுமடலில், குடும்ப வாழ்வுக்கு உழைப்பு அடித்தளமாகிறது என்று கற்பித்தார். அடித்தளம் வீட்டுக்காகவே இடப்படுகிறது. ஆகவே, வேலையில் நீடிப்பதும் விடுவதும் தம்மளவில் நன்மையோ தீமையோ அல்ல. அம்முடிவை யாரோடு சேர்ந்து எடுக்கின்றோம் என்பதில்தான் அறம் அடங்கியுள்ளது.

"உங்களுக்காகத்தானே இவ்வளவு பாடுபடுகிறேன்" என்று சொல்லும் தந்தையர் பலர். அச்சொல்லில் அன்பு உண்டு. ஆனால் கேள்வி இல்லை. கேளாமல் பிறர் பொழுதையும் சேர்த்துக் கொடுப்பது தியாகம் ஆகாது. எதற்காக இந்தப் பயணம், எந்தக் கடன் தீரும்வரை, எந்தப் பிள்ளையின் படிப்பு முடியும்வரை என்பதை மனைவியும் வளர்ந்த பிள்ளைகளும் அறிந்து இசையவேண்டும். எல்லை குறித்து ஏற்ற சுமையைக் குடும்பம் தாங்கும். அவ்வெல்லை வந்தபின்னும் பழக்கத்தால் மட்டுமே பேருந்து ஏறுகிறோம் என்றால், ஞாயிறு மாலையில் வீட்டார் அனைவரும் ஒன்றாக அமர்ந்து மீண்டும் பேசவேண்டிய வேளை வந்துவிட்டது என்று பொருள்.